வலது பக்கத்துப் போல்ட்

2024 மார்ச் 10, ஞாயிறு, மாலை 4.20. பன்னிரண்டு கிலோமீட்டர் பாதையில் அப்பாவின் பனிவண்டி தடம் விலகியது பதினொரு முறை. பின்னால் இன்னொரு வண்டியில் போய் நானே எண்ணினேன்.

அன்புள்ள கார்லண்ட் அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ எண்ணெய் வயலில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அப்பாவின் வலது தோள்வலிக்காக முன்பக்கத்துச் சறுக்குப் பட்டைகள் இரண்டையும் முன்னால் தள்ளி மாட்டினாய். போல்ட் மாட்டப் பட்டையில் மூன்று துளைகள். நீ எடுத்தது பின்கடைசித் துளை. அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் வேறு. ஹேண்டில் லேசானது உண்மைதான். ஆனால் வண்டி நேராகப் போகாது. பழைய தடம் எதைக் கண்டாலும் அதற்குள் பாயும். இதைப் படித்துவிட்டு வந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இருபத்தொன்பதாம் தேதி, புனித வெள்ளியன்று, அம்மாவை வண்டி இழுக்கும் பின்பெட்டியில் உட்கார வைத்து, உறைந்த விரிகுடாவைத் தாண்டிச் சித்தி வீட்டுக்குப் போகிறார் அப்பா. நீரோட்டம் அடியில் ஓடும் அந்தக் குறுகிய இடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அங்கே பனிக்கட்டி உறுதியாக இருப்பது ஆறடி அகலத்துக்குத்தான். அங்கே ஒருமுறை விலகினால் போதும்.

அதனால் போன செவ்வாய் அவரிடம் சொல்லாமல் இரண்டையும் முன் துளைக்கு மாற்றினேன். பட்டை பின்னால் போனது. வண்டி கோடு போட்டமாதிரி ஓடியது, ஹேண்டில்தான் கனத்தது. அதை எடுத்துக்கொண்டு போன அப்பா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தார். "மூத்தவன் என் தோளப் பாத்து வெச்சான். நீ வண்டியப் பாத்து வெக்கிற. இனிமே அதுல கை வெச்ச, உன் ஸ்பானரெல்லாம் கடலுக்குள்ள போயிரும்" என்றார். அம்மா வேண்டுமென்றே பாத்திரத்தை உரக்கக் கழுவினாள்.

மறுநாள் அவரே உன் துளைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். இன்று எண்ணிக்கை பதினொன்று. பக்கத்து வீட்டு மோஸ் சித்தப்பா வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏன்டா ராஸ், உங்கப்பன் வண்டி ஒரு காலுல பூட்ஸும் ஒரு காலுல வீட்டுச் செருப்பும் மாட்டிக்கிட்டு நடக்குதே, நீ காலேஜுல கத்துக்கிட்டது இதானா?" என்றார். எரிச்சலோடு குனிந்து பார்த்தேன். இடது பட்டை உன் துளையில். வலது பட்டை இன்னும் என் துளையில். வலது போல்ட்டின் தலை முழுக்க ஸ்பானர் வழுக்கிய கீறல். இடது பக்கத்தை மாற்றியதோடு அப்பாவின் தோள் கைவிட்டுவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. நான் கொல்லையில்தான் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

நான் செய்ததும் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நீ தோளை மட்டும் பார்த்தாய், நான் வண்டியை மட்டும் பார்த்தேன். நடுத்துளை சரியாக இருக்கும். ஆனால் நான் சொன்னால் கேட்கமாட்டார். உன் சிவப்புப் பெயிண்டைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். நீ இல்லாத வீட்டில் உன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு, இங்கேயே கிடக்கிற என் பேச்சுக்கு இல்லை. இருக்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. இருபத்தைந்தாம் தேதி வரை உன் போனுக்குக் காத்திருப்பேன். என்னிடம் பேசாதே. அப்பாவைக் கூப்பிட்டு, நடுத்துளை என்று சொல்.
2. சொன்னால், மாற்றிவிட்டு, அம்மாவின் எடைக்கு மீன் மூட்டை ஏற்றி, அந்தக் குறுகிய இடத்தை முதலில் நான் தாண்டிப் பார்ப்பேன்.
3. போன் வராவிட்டால், முந்தின நாள் வியாழனன்று, வண்டி கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஸ்பானர்கள் கடலுக்குப் போகட்டும்.
4. நீயே புறப்பட்டு வந்தால், இடது பக்கத்தை நடுத்துளைக்கு நான் மாற்றுகிறேன். வலது பக்கத்துப் போல்ட்டில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வேன். அதை நீ வந்து கழற்று, அப்பா பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

உன் தம்பி,
ராஸ்