நீ மாற்றாத இனிஷியல்

அக்கா,

உன் கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. பழுப்பு உறைக்குள் ஒரு கட்டுப் பிரதிகள். தபால்காரர் வாசலில் நின்று உன் பேரை உரக்கக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியைவிட்டு வரவில்லை. நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்த நாளிலிருந்து வீடெல்லாம் அச்சு மை வாசனை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், கொல்லைக்குப் போகிறேன், திரும்பி வந்து ஒரு பிரதியை எடுத்து மோந்து பார்க்கிறேன். பரீட்சைக்கு இந்த அலைச்சல் அலைந்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

ஊரே அம்மா மண்டபத்துக் காவிரியில் பாவம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் அதே படியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தாய். சுரண்டிச் சுரண்டி எழுதிய கட்டுரை, உனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. விஷயத்தில் குறை இல்லையாம். கடைசியில் இருக்கும் ஆதாரப் பட்டியலை மட்டும் எங்கள் முறைப்படி மாற்றி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"விஷயத்தைப் படிச்சானா, இல்ல புள்ளியை மட்டும் எண்ணினானா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் தேடிப் போனா ஆள் அங்க இருக்கணும்டி. அதுக்குத்தான் இவ்வளவும். விலாசம் மாதிரி."

ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூர்ப் புகுந்த வீட்டிலிருந்து பஸ் மாறி வருவாய். டைப்பிங்கில் நான் லோயர் பாஸ் செய்திருந்த திமிரில், அப்பா ஏலத்தில் எடுத்த பழைய மிஷினின் முன் உட்காருவேன். குடும்பப் பேர், காமா, இனிஷியல், புள்ளி, வருஷம், கட்டுரைத் தலைப்பு. பத்திரிகையின் பேருக்கு அடிக்கோடு. பிறகு எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். நான் வாய்விட்டுப் படிக்க, நீ மூலத்தோடு ஒத்துப் பார்ப்பாய். "காமா, புள்ளி, காமா, புள்ளி" என்று நாம் போட்ட கோஷத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்கடி, ஜபமா?" என்றாள்.

"காமா சோமான்னு அடிக்காத" என்று நீ அதட்டினாய்.

"காமா எல்லாம் சரியா இருக்கு. சோமாவைத்தான் காணோம். யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

தலையில் குட்டினாய். இருந்தாலும் சிரித்தாய்.

நிறையப் பேர் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் ஆளின் பேரோடு நிறுத்தி, மற்றும் பலர் என்று போடலாம் என்றாய். சினிமா போஸ்டர் நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வெள்ளைக்காரப் பேர்களுக்கு நடுவே, மாவடு ஊறுவதைப் பற்றி நான் எழுதியதாக ஒரு கட்டுரையையும் சேர்த்து அடித்தேன், தொகுதி, பக்கம் எல்லாம் போட்டு. நீ கண்டுபிடித்து, "பக்க எண் தப்பு. மாவடு ஜாடிக்கு ஏது பக்கம்?" என்று சொல்லி அந்தத் தாளை முழுக்கத் திரும்ப அடிக்க வைத்தாய்.

வெள்ளைக்காரர்கள் சுலபம். வாலைப் பிடித்து முன்னால் போட்டால் போதும். நம் ஆட்கள்தான் தகராறு. குடும்பப் பேர் இல்லாமல், அப்பாவின் முதலெழுத்தைத் தலையில் சுமந்து திரிகிற ஜாதி. நம்மூர்க்காரர் ஒருவர் முழுப் பேராக எழுதட்டுமே என்று அப்பா பேரையும் பின்னால் சேர்த்துவிட்டிருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அந்த வாலையே குடும்பப் பேர் என்று எடுத்து முன்னால் போட்டுவிட்டது. மளிகைக் கடை வைத்திருந்த அந்த அப்பா, ஊரறியாமல் பாசி நிபுணராகிவிட்டார்.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நீதான் முதலில் நிறுத்தினாய். பட்டியலில் உன் பழைய கட்டுரை இருந்தது, 1979, அப்பாவின் கே-யோடு. முகப்புத் தாளிலோ உங்கள் புரொபசர் கே-யை அடித்துவிட்டுப் பென்சிலால் அத்தானின் ஆர் போட்டிருந்தார். கல்யாணமானதும் காலேஜ் ரிஜிஸ்டரில் அப்படித்தானே மாற்றினார்கள்.

"இவளும் அவளும் ஒருத்திதான்னு யாருக்குடி தெரியும்?" என்றாய். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

எழுந்து முற்றத்தில் நடந்தாய். இப்போது நான் நடக்கிறேனே, அதே நடை. திரும்பி வந்து, "கே-ன்னே அடி" என்றாய்.

அன்றைக்குப் பார்த்துத்தான் உன் மாமியார் கோயிலுக்கு வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். மிஷினில் சொருகியிருந்த தாள் அவர் கண்ணில் பட்டது. இனிஷியல் படிக்கும் அளவு இங்கிலீஷ் அவருக்குப் போதும்.

"என்னம்மா, இன்னும் உங்கப்பா எழுத்தாவே இருக்கு?"

"மாத்திடுவாங்க சம்பந்தி" என்று அம்மா காபியோடு ஓடி வந்தாள்.

"மாத்தலீங்க அத்தை" என்றாய். "முன்னாடி செஞ்ச வேலை இந்தப் பேர்ல இருக்கு. இப்ப மாத்தினா, என் வேலையையே யாரோ ஒருத்தி செஞ்சதுன்னு நானே எழுதின மாதிரி ஆயிடும்."

"ரேஷன் கார்டுல மாத்தினோமே, அது மட்டும் எப்படி?"

"அதுல சர்க்கரை போடுவாங்க அத்தை, இதுல அதுவும் கிடையாது" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மாமியார் சிரிக்கவில்லை. காபியை ஆற்றினார். "அப்ப எம்புள்ள பேரு எங்கதான் வரும்?" என்றார். கோபமாக இல்லை. பந்தியில் இடம் கிடைக்காதவர் கேட்பதுபோல் இருந்தது.

நீ கடைசித் தாளை எடுத்து நன்றி என்ற பகுதியைக் காட்டினாய். படித்துறைக்கு விடியலில் துணைக்கு வந்தவர் என்று அத்தான் பேர் அங்கே இருந்தது. நிச்சயம் ஆன நாளிலிருந்தே பாசிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்த மனிதர்.

"இனிஷியல் மட்டுமில்லீங்க அத்தை. முழுப் பேரு."

"முழுசாவா?" ஒரு வாய் குடித்தார். "சரி, அப்படின்னா இருந்துட்டுப் போகட்டும்."

ஐப்பசியில் உனக்குக் காமாலை வந்தது. அதற்கப்புறம் வந்த தாள்களில் எல்லாம், ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கருமாதிக் கார்டிலும், உனக்கு ஆர்தான். யாரும் உன்னைக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நீயும் இல்லை.

போன ஞாயிறு உன் மாமியார் வந்தார். பிரதியைக் கொடுத்தேன். முகப்பில் இருந்த கே-யைப் பார்த்தார். "எம்புள்ள பேரு எந்தப் பக்கம்?" என்றார். காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, முகப்பைத் திருப்பி, விரலை உன் பேருக்கு நகர்த்தி அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கே அது புதுசு.

இன்றைக்கு உனக்கு ஒரு கார்டு வந்திருக்கிறது, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து. கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டுமாம். போன தடவை இப்படி வந்த கார்டுகளில் ஸ்டாம்பை எனக்குக் கிழித்துக் கொடுத்தாய். இதில் கிழிக்க மனம் வரவில்லை. யாரோ ஒருவர் தேடி வந்திருக்கிறார், கதவைத் திறந்தால் நீ இல்லை என்றுதான் காலையிலிருந்து குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேனே, நினைவிருக்கிறதா? "இந்தப் பட்டியல்ல இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

"தெரியாது. இதுல அதைக் கேக்க மாட்டாங்க" என்றாய், தலையைக்கூடத் தூக்காமல்.

அந்த ஆள் ஏதோ எழுதுவார். கடைசியில் பட்டியல் போடுவார். அகர வரிசையில், இரண்டு அந்நியர்களுக்கு நடுவே, உன் பேர், காமா, கே, புள்ளி. 1979-இல் இருந்தவளும் இவளும் ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு பிரதியை வைத்து உறையை ஒட்டிவிட்டேன். பெறுநர் விலாசம் ஆயிற்று. அனுப்புநர் இடத்தில் என் பேரை எழுதும்போதுதான் கவனித்தேன், எனக்கும் அதே கே. அவசரத்தில் புள்ளியை விட்டிருந்தேன். திரும்பப் பேனா மூடியைக் கழற்றி, புள்ளியை வைத்துவிட்டுப் போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.