பேட்டர்ன் ரூம் கம்ப்யூட்டரை எரித்தவன்

நண்பா,

இன்று காலை கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் மூடி கழன்று விழுந்தது. உள்ளே விசிறியில் பழுப்புத் தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷினிலிருந்து பறக்குமே, அதே தூசி, அதே வாடை. லோடு ஏற்ற வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

இருபது வருடத்துக்கு முன் உன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி ஆம்பூர் பஜாரில் உன் சர்வீஸ் கடை மேஜைமேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். கம்பெனிக்காரன் முத்திரை போட்ட டிஸ்க்கைத் தவிர எதைக் கொடுத்தாலும் துப்பிவிடும். நீ எழுதிய சின்ன புரோகிராமைக்கூட அது தொடவில்லை. உனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாடா இது, எங்க அண்ணன் துட்டு குடுத்து வாங்கினது. என் கடையில உக்காந்துகினு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது!"

அப்போதுதான் இன்டர்நெட்டில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாய். பெட்டியின் பூட்டு ஒரு பிரம்மாண்டமான எண். அதை வகுக்கும் இரண்டு எண்கள் கிடைத்தால் சாவி கிடைத்த மாதிரி. ஒரு கம்ப்யூட்டரால் ஆகிற காரியம் இல்லை. அதனால் பல நாட்டு ஆட்கள் தங்கள் மெஷினில் ஒரு புரோகிராமைப் போட்டு, அது சும்மா இருக்கும் நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகத் தேடினார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற கதைதான். எந்த அணி எவ்வளவு தேடியது என்று பட்டியல் வரும். அதில் 'ஆம்பூர்' என்று பெயர் கொடுத்தாய். உன் கடையில் இரண்டு மெஷின், வாணியம்பாடியில் உன் மச்சானின் பிரௌசிங் சென்டரில் நாலு. பட்டியலின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

நான் பி.எஸ்சி. கணக்கு. ஒரு மதியம் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "சூரியனே அணைஞ்சு போனாலும் இது முடியாதுடா" என்றேன்.

நீ டீயை ஊதிக்கொண்டே சொன்னாய்: "எனக்கும் தெரியும் தோஸ்த். லக்குல நம்மகிட்ட வந்து மாட்டிச்சுன்னா? ஆம்பூர் எங்க கீதுன்னு ஜெர்மனிக்காரன் மேப்புல தேடுவான்ல?"

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமுக்குப் புது மெஷின் வந்திருந்தது. ஷூவின் ஒவ்வொரு துண்டையும் எப்படி வெட்டுவது என்ற வரைபடமெல்லாம் அதில்தான் போடுவோம். உன்னுடைய ஆறு மெஷினையும் சேர்த்தாலும் அதன் வேகம் வராது. உன்னைக் கேட்காமலே புரோகிராமை அதில் ஏற்றினேன். ஒரே வாரத்தில் ஆம்பூர் பட்டியலில் மேலே போனது. எப்படி என்று கேட்டாய், சொன்னேன். உன் முகம் மாறிவிட்டது.

"பக்கத்து ரூம்ல பஃபிங் ஓடுதுடா. ஃபேன்ல தூசி அடைக்கும். இது ஓடிக்கினே இருந்தா சூடு ஜாஸ்தியாவும். மொதல்ல எடு."

திங்கட்கிழமை எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. இன்னும் பத்து இடம் ஏறட்டுமே என்று ஒரு நப்பாசை. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் திரும்பியபோது அறை முழுக்கக் கருகல் நாற்றம். மெஷின் செத்துக் கிடந்தது. அந்த சீசனின் பேட்டர்ன் முழுக்க அதற்குள். ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வர நாலே நாள் இருந்தது.

சர்வீஸ் பார்ப்பவன் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். திரையில் ஏதோ எண்கள் ஓடியதை பேட்டர்ன் மாஸ்டர் பார்த்திருக்கிறார். "யாருய்யா அதைப் போட்டது?" என்று மேனேஜர் கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் சம்பளத்தில்தான் வைத்தியம். அது உனக்குத் தெரியும். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான்தான் சார் போட்டேன். டெஸ்ட் பண்றதுக்கு."

ஆம்பூரில் ஒரு கம்பெனியில் கிளம்பும் பேச்சு சாயங்காலத்துக்குள் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும். ஒவ்வொருவராக உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் கடையைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பினாய். அதற்குள் அந்தக் கூட்டமும் தேடுவதை விட்டுவிட்டது. பஸ் ஏறும்போது, "பேஜாராவாதடா, அங்க தூசி கம்மி" என்று சிரித்தாய். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. உன் பையை மேலே ஏற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் நீ பெருநாளுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்காவது ஒரு வேலை வந்துவிடும். வரவைத்துக்கொண்டேன். உன்னைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாக்கு எழாது. நான் கோழையடா. நீ இறந்துபோன மவுத்துச் செய்தியைக்கூட டீக்கடையில் யாரோ சொல்லித்தான் கேட்டேன்.

இன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உனக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பதால் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். முகம் தெரியாததால் என்னாலும் சொல்ல முடிந்தது. மெஷினை எரித்தவன் நான், வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதெல்லாம் அவரு எப்பவோ சொல்லிட்டாருண்ணா. 'அவங்க அப்பா பொழச்சாரே, அது போதும்'பாரு."

பிறகு சொன்னார்: "ஆனா ஒவ்வொரு பெருநாளைக்கும் உங்களுக்குன்னு சாப்பாடு எடுத்து வெக்கச் சொல்வாரு. சாயங்காலம் வரிக்கும் வாசலயே பாத்துக்கினு இருப்பாருண்ணா."

மன்னிப்பு வாங்கத்தான் போனேன். அது இருபது வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலங்களுக்கும் இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்? சாகும்வரை அவை என்னோடுதான் இருக்கும்.