வரிசையில் அடங்காத எண்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் மாப்பிள்ளையின் முழங்கால் வலியையும் பற்றி எழுது. நான் எழுதிய ‘மெய்யெண் மோசடி’ புத்தகம் அச்சாகிவிட்டது. நம் அச்சகத்திலேயே நல்ல தாளில் போட்டோம்.

மெய்யெண்களை, அதாவது புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் நீளும் எண்களையும் சேர்த்து, ஒன்று, இரண்டு என்று வரிசையில் அடுக்கவே முடியாதாம். எப்படி அடுக்கினாலும் ஓர் எண் விட்டுப்போகுமாம். படித்தவர்கள் நீங்களெல்லாம் இதை எப்படித்தான் நம்பினீர்களோ. புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போனால் நாங்கள் என்ன செய்கிறோம்? பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத் தாள் அடித்து முதல் பக்கத்தில் ஒட்டுகிறோம். புத்தகம் முழுமையாகிவிடுகிறது. அந்த எண்ணையும் வரிசையின் தலையில் ஒட்டினால் தீர்ந்தது. வாசகர் மன்றத்தில் இதைச் சொன்னதும் கைதட்டல் அடங்கவே இல்லை.

பின்னட்டையைப் பார். பூரித்துப்போவாய்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்த்தேன். பூரிக்கவில்லை. உன் மனம் நோகக் கூடாதே என்று போன வருடம் ‘நன்றாக யோசித்திருக்கிறாய்’ என்று எழுதினேன். அதைக் கல்லூரிக் கணிதத் துறைத் தலைவியின் பாராட்டு என்று என் படத்தோடு போட்டிருக்கிறாய். போதாததற்கு எங்கள் முதல்வருக்கும் ஒரு பிரதி. அவர் என்னைக் கூப்பிட்டு, “இது நிஜமாவே நீங்க சொன்னதாம்மா?” என்று கேட்டார். இருபது வருடம் பாடம் நடத்தியவளிடம் கேட்கும் கேள்வியா இது?

உன் தவறு இதுதான். வரிசையின் முதல் எண்ணோடு புள்ளிக்குப் பின் வரும் முதல் இலக்கத்தில் மாறுபட வேண்டும், இரண்டாவதோடு இரண்டாம் இலக்கத்தில். இப்படியே போகும் ஓர் எண்ணை எழுதினால் அது வரிசையில் எங்கும் இருக்க முடியாது. சரி, நீ அதைத் தலையில் ஒட்டு. ஒட்டிய வரிசைக்கும் இதே வழியில் இன்னொன்று எழுதித் தருவேன். நீ ஒட்ட ஒட்ட, ஒன்று வெளியே நிற்கும். எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொன்னவன் நீதானே?

என் படத்தையும் பாராட்டையும் எடுத்துவிடு.

தங்கை


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

கோபம் வேண்டாம். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எழுதி எழுதிப் பார்த்தேன். நீ சொல்வதுதான் சரி. நிரூபணத்தில் ஓட்டை இல்லை. உன்னிடம் ஒத்துக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

வெளியே மட்டும் சொல்லிவிடாதே. அச்சகத்தை மகனிடம் கொடுத்தபின் என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. இப்போது மன்றத்தில் நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள். வரும் ஞாயிறு மறுபடியும் கூட்டம். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

வந்தேன், பேசினேன். பலகையில் நிரூபணத்தை முழுதாக எழுதி, இது சரி, புத்தகம் தவறு என்று சொன்னேன். உனக்குத் தட்டிய அதே ஆட்கள் எனக்கும் தட்டினார்கள். நீயும் எழுந்து நின்று தட்டினாய். பிறகு என் காதோடு, “பாத்தியா, ரெண்டு பேருக்கும்தான் தட்டுறாங்க. யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?” என்றாய். சொன்ன கையோடு வாசலில் ஒருவருக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாய்.

உனக்குப் புரியாமலே இருந்திருந்தால் ஆயுள் முழுக்க உன்னோடு சண்டை போட்டிருப்பேன், சந்தோஷமாகவே. புரிந்துகொண்டாய். புரிந்தபிறகும் விற்கிறாய். நீ எனக்கு நீட்டிய காபியை அங்கே என்னால் குடிக்க முடியவில்லை. அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

முதல்வருக்கும் மன்றத்துக்கும் மறுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள். அண்ணியைக் கேட்டதாகச் சொல். உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

தங்கை