கட்டிலோடு கட்டிய கைகள்

என் அப்பாவுக்கு,

நீங்க போய் ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "நடுவுல புத்தி கொஞ்சம் பிசகினாலும் நல்ல மனுஷன்" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். செத்த பிறகுமா அப்பா அந்தப் பேர்?

பல வருஷத்துக்கு முன்னால், நீடாமங்கலம் பக்கம் நாம் குத்தகைக்குச் செய்த வயலில், அறுப்பு நேரத்தில் பண்ணையாரின் ஆட்கள் இறங்கினார்கள். குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதை நம்பி வரப்பில் நின்றீர்கள். காலில் வெட்டினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் கால் தப்பியது. ஆனால் புண் சீழ் பிடித்து ஜுரம் ஏறியது. வார்டுக்குள் வாய்க்கால் தண்ணீர் வருகிறது, மடையை அடை என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தீர்கள். துணியால் உங்கள் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். "மடை அடைச்சாச்சா பெரியவரே?" என்று போகிற வருகிற ஆளெல்லாம் கேட்டுச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

மனநல டாக்டருக்குச் சொல்லியிருக்கு, வருவார் என்றார்கள். எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தார். அம்மா போய் வாசலில் நின்றாள். கட்டித்தானே போட்டிருக்கிறார்கள், அப்புறம் என்ன அவசரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குள் வாக்குமூலம் வாங்கப் போலீஸ்காரர் வந்தார். கூடவே பண்ணையாரின் கணக்குப்பிள்ளை, கையில் ஆப்பிளோடு. வெட்டியது யார் என்று கேட்டதற்கு நீங்கள் மடையைப் பற்றிப் பேசினீர்கள். கணக்குப்பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, இன்றைக்கும் எனக்கு ஆப்பிள் இறங்குவதில்லை.

கடைசியில் வந்தது, மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டரம்மா. முதல் வேலையாகக் கட்டை அவிழ்த்தார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தார். பிறகு வார்டு டாக்டரிடம் சொன்னார்: "இவருக்குப் பைத்தியம் இல்ல சார். புண்ணோட விஷம் மூளையைக் கலக்குது. காலைப் பாருங்க."

புண்ணைத் திறந்து கழுவி மருந்து மாற்றினார்கள். ஜுரம் இறங்கியதும் என்னைப் பார்த்து, "ஏம்மா இளைச்சுட்டே?" என்று கேட்டீர்கள்.

ஆனால் விசாரணையில் பண்ணையார் தரப்பில் அந்த மடைப் பேச்சைக் காட்டி, உங்களைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்றே சொன்னார்கள். டாக்டரம்மா சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். அது நம்ம வேலையில்லை என்று பெரிய டாக்டர் தடுத்துவிட்டார். நீங்கள் சொன்னது எடுபடாமல் வயல் போயிற்று. அடுத்த மாதமே பண்ணையார் கரைவேட்டி கட்டிக்கொண்டு, உழைப்பவனுக்கே நிலம் என்று மேடையில் பேசினார். கேட்டுக் கைதட்டினவர்களில் நம் தெருக்காரர்களும் உண்டு. யாரை அப்பா காறித் துப்புவது?

போன வாரம் மதினியின் ஆபரேஷனுக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு மீனவப் பெரியவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றி அதே சிரிப்பு. அவர் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய், மனநல டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். இப்போது கூப்பிட்டால் வருகிறார்கள். ஆனால் யாராவது போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இனி வாரம் ஒருநாள் அந்த வார்டுக்குப் போவேன். கைகள் கட்டப்பட்டுக் கிடப்பவர் பக்கத்தில் நின்று, ஏன் என்று கேட்பேன். துரத்தினாலும் போவேன்.

தெளிந்த புத்தியோடு வாழ்ந்து மறைந்த மனிதரின்
மூத்த மகள்.