நூற்று எண்பத்தேழு ஜூன் ஒன்றுகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். எனக்கில்லை. வந்து நான்கு மாதமே ஆன அரிபிரசாத்துக்கு. ஆயிரத்து நூறு தொழிலாளர் பதிவுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழை கண்டுபிடித்தாராம் இந்தத் துரை. அத்தனைக்கும் சிவப்பு அடித்துத் திரையில் போட்டுக் காட்டினான். அந்தப் பதிவுகளை எழுதியது யார்? நான். இந்த ஷூ கம்பெனி திண்டிவனத்தில் திறந்த நாளிலிருந்து, பதினான்கு வருஷமாக, நான்தான்.

மேனேஜர் கிருஷ்ணசாமி சார் என்னைப் பார்த்து, மனசில் வைத்துக்கொள்ளாதீங்க, மாசக் கடைசிக்குள் ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் சுத்தமாகப் போகணும், அவ்வளவுதான் என்றார். மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பதாம்? அத்தோடு இன்னொரு சேதி. அடுத்த மாதம் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் போஸ்ட் ஒன்று வருகிறது. அது எனக்குத்தான் என்று நான்கு வருஷமாக எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த போஸ்ட்.

பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 5

எனக்கு எதிர் டேபிளிலேயே அவனை உட்கார வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பெரிய ஸ்கிரீன் இரண்டு. எனக்கு ஒன்று, அதுவும் ஓரத்தில் கோடு விழுந்தது. மத்தியானம் கேன்டீனில் அவன் தட்டில் இரண்டு அப்பளம் இருந்ததைக்கூட எண்ணினேன். சீ, என்ன புத்தி இது.

பிப்ரவரி 7, வெள்ளி

எதிரில் உட்கார்ந்துகொண்டு மெயில் அனுப்புகிறான். வாயைத் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடுமோ?

"அக்கா, நூற்று எண்பத்தேழு பேருக்குப் பிறந்த தேதி ஜூன் 1 என்று இருக்கிறது. ஏதாவது காரணம் உண்டா? புதன்கிழமை வரை பார்க்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஆதாரில் உள்ள தேதியைப் போட்டுவிடுவேன்."

காரணம் உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்கணும் என்பதற்காக ஹெட்மாஸ்டரே ஜூன் 1 என்று எழுதிவிடுவார். தேதி அவர் போட்டது, ஆனால் வருஷம் ஓரளவு சரியாக இருக்கும். ஆதார் அப்படியில்லை. கேம்ப்பில் வயசு கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், அதை வைத்து ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். வருஷமே மாறிப்போயிருக்கும். அதனால்தான் நான் பள்ளிச் சான்றிதழை மட்டும் பார்த்து எழுதினேன். சோம்பேறித்தனத்தில் இல்லை.

இதை நான்கு வரியில் எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. கெட்டிக்காரன்தானே, கண்டுபிடிக்கட்டும்.

பிப்ரவரி 13

மாற்றிவிட்டான். நூற்று எண்பத்தேழும் ஒரே நாளில். சார் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 24, திங்கள்

ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். பதினோரு பேர் ஒரே ராத்திரியில் ஐம்பத்தெட்டைத் தாண்டியிருக்கிறார்கள். அதில் நம் கிளியம்மாளும். தையல் பிரிவில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது. சான்றிதழ்படி 1971. ஆதாரில் 1967. ஐம்பத்தெட்டு ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹெட் ஆபீஸ் வரைக்கும் போகட்டும், அங்கே அவன் மூக்கு உடையட்டும் என்று. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 28

ரிப்போர்ட் போய்விட்டது.

மார்ச் 3, திங்கள்

ஹெட் ஆபீஸில் எவனும் எதையும் சரிபார்க்கவில்லை. யார் மூக்கும் உடையவில்லை. பதினோரு பேருக்கும் ஓய்வுக் கடிதம் வந்துவிட்டது. மாசக் கடைசியோடு நின்றுவிட வேண்டுமாம்.

கிளியம்மாள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். "எனக்கு இன்னும் அம்பத்தெட்டு ஆவலியே, தேவயானிம்மா. பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் நர்சிங் படிக்கணும், நான் வூட்ல உக்காந்துக்கினு என்னா பண்றது? நீங்கதான் எல்லாம் எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க, கொஞ்சம் பாருங்க."

என்னை நம்பி வந்திருக்கிறாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? ஒரு வாரம் முன்னாலேயே பார்த்துட்டு கம்முனு இருந்துட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 4

காலையிலேயே ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பதினோரு ஃபைலிலிருந்தும் சான்றிதழ்களை எடுத்து சார் டேபிளில் வைத்தேன். ஜூன் 1 கதையைச் சொன்னேன். ஆறு பேருக்கு ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. சார் முகம் கருத்துவிட்டது. அரிபிரசாத்தைக் கூப்பிட்டார். இந்த நேரத்துக்குத்தானே ஒரு மாசமாகக் காத்திருந்தேன்.

"பதினாலு வருஷமா இருக்கிற ஆளு எதிர்லயே உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உனக்கு?"

மெயிலைக் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேர்ல கேட்டிருக்கணும் சார். என் தப்புதான்."

அவன் போனபின் சார் குரலை இறக்கிக்கொண்டு, போஸ்ட் விஷயத்தில் நீங்க நிம்மதியா இருங்க என்றார்.

மார்ச் 5

நிம்மதியாம்.

ஏன் காட்டவில்லை? பரிதாபப்பட்டானா? என்னைப் பார்த்து இவன் யாருடா பரிதாபப்பட? காட்டிக்கொடுத்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு இருந்திருப்பேன். இப்ப இதுலயும் அவன்தான் பெரிய ஆளு. ஸ்கிரீன் மேல பொறாமைப்பட்டேன், அப்பளத்து மேல பட்டேன், இப்போ அவன் குணத்து மேலயும் பட்டுக்கினு கிடக்கிறேன். இந்த வயித்தெரிச்சலுக்கு ஒரு அளவே இல்லையா?

மார்ச் 6

கிளியம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் கடிதம் ரத்து. ஒரு பை மல்லாட்டை அவித்துக் கொண்டுவந்து என் டேபிளில் வைத்தாள். நீங்க இல்லன்னா நாங்க என்னா ஆயிருப்போமோ என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஒரு கடலையைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

மூன்றரை மணிக்கு அவனுடைய பிப்ரவரி 7 மெயிலை சாருக்கு அனுப்பினேன். மேலே ஒரே வரி: "அவர் கேட்டார் சார். நான்தான் பதில் சொல்லவில்லை."

மார்ச் 7

சார் கூப்பிட்டார். "உங்ககிட்ட இதை எதிர்பாக்கல" என்றார். மெயிலை அனுப்பியதைச் சொன்னாரா, பதில் போடாததைச் சொன்னாரா?

மார்ச் 13, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ், அரிபிரசாத். ஸ்வீட் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் எழுந்து என் டேபிளுக்கு வந்தான். நேற்று முப்பத்தோரு பேர் வரவில்லையாம், எல்லாரும் மரக்காணம் பக்கத்து ஆட்களாம். "ரேகை மெஷின் ஏதாவது கெட்டுப்போச்சாக்கா? போன வருஷமும் இதே மாதிரி ஒரு நாள் இருக்கு."

கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. வயிறு எரியத்தான் செய்தது, பொய் சொல்வானேன். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, நேற்று மாசி மகம், சாமி கடலுக்கு வருகிற நாள், அவர்கள் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்றேன். எழுதிக்கொண்டான்.

எழுந்து போகப் பார்த்தவனை நிறுத்தினேன். பங்குனி உத்திரத்துக்கு மயிலம், கூட்டேரிப்பட்டு ஆட்கள் ஐம்பது பேராவது வரமாட்டார்கள், அதையும் இப்போதே குறித்துக்கொள் என்றேன். அதை அவன் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.