தண்ணீர் ஏறாத நாள்

மாமா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இரண்டும் தூங்கிய பிறகுதான் என் கை எனக்குக் கிடைக்கிறது. சாயங்காலம் உங்கள் பிள்ளை பரணிலிருந்து படகுப் பாயை இறக்கிக் கூடத்தில் விரித்தார். நீங்கள் காலமான பிறகு யாரும் தொடாத பாய். வீடெல்லாம் உப்பும் சேறுமாக ஏரி வாடை. சின்னவனுக்கு உடனே தும்மல் பிடித்துக்கொண்டது.

நாளை அவனுக்கு ஐந்தாம் மாதம் பிறக்கிறது. உங்கள் வீட்டு வழக்கப்படி, மோட்டார் இல்லாமல், பாய் கட்டிய படகில் ஒரு பகல் முழுக்க ஏரியையும் ஓடைகளையும் காட்ட வேண்டும்.

பெரியவளுக்கு நீங்கள் காட்டினீர்கள். திருப்பாலைவனத்தில் என் அம்மா வீட்டிலிருந்து எங்களை அழைத்துப்போக ஒரு நாளுக்கென்று வந்தவர், பேத்தியை மடியை விட்டு இறக்க மனமில்லாமல் ஒரு வாரம் தங்கிவிட்டீர்கள். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஆட்டோவுலயே வூட்டுக்குப் போயிடலாமே மாமா" என்றேன்.

"ஆட்டோவுல வந்தா வூடு தெரியும். ஏரி எப்டிம்மா தெரியும்?" என்றீர்கள்.

காலையில் காற்று நன்றாகத்தான் இருந்தது. ஓடைக்கு ஓடை திரும்பும்போது பேத்தியிடம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நாரைக் கூட்டம் எழும்பியபோது அவள் வாயை மூட மறந்தாள். உச்சிவெயிலில் படகு சேற்றில் தட்டி நின்றது.

"தண்ணி ஏறும்மா, செத்த இரு." பீடியை எடுத்தீர்கள், பேத்தியைப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் செருகிக்கொண்டீர்கள். தண்ணீர் ஏறவில்லை. பிள்ளை வீறிட்டது. டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "அவனுங்களும் தண்ணி ஏறும்னு குந்திக்கினு இருந்தவனுங்கதான்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கரையிலிருந்து வந்து சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்: "இன்னா பெரியப்பா! மொகத்துவாரம் மண்ணு மூடி நாலு நாளாவுது. கடலே உள்ள வர்ல, தண்ணி எங்கேந்து ஏறும்? சம்பந்தி வூட்டு விருந்துல கண்ணு மறச்சிடுச்சா?"

பாயை இறக்கி எங்கள் தலைக்கு மேல் நிழலாகக் கட்டினீர்கள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி இழுத்தீர்கள். அந்த அசைவில் பிள்ளை தூங்கிவிட்டாள். ஆழம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்மா. எம்புள்ளைக்கும்தான். காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

இன்றுவரை நான் சொல்லவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு உங்கள் பிள்ளை பாய் கட்டியதே கிடையாது. சின்னவனுக்கு நெஞ்சில் சளி வேறு. சோறு போடும்போது, "மொகத்துவாரம் தொறந்திருக்கானு யாரையாவது கேட்டீங்களா?" என்றேன்.

"எங்க நைனா யாரைக் கேட்டாரு? கண்ண மூடிக்கினே ஓட்டுவாரு. காலேஜு படிச்சா எல்லாத்துக்கும் பயம்தான்" என்று சிரித்தார்.

வாய் வரை வந்துவிட்டது, மாமா. விழுங்கிவிட்டேன். அவருடைய தைரியமெல்லாம் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. அதை எப்படி உடைப்பது?

களைப்பாக இருக்கிறது. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. பாயின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கண்ணை மூடினால் கயிறு அழுந்திச் சிவந்த உங்கள் தோள்தான் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவரை எனக்குத் தெரியாது. இறங்கி இழுத்தவரைத் தெரியும். அவரை நம்பி என் பிள்ளையைப் படகில் ஏற்றுவேன்.

அந்த நாளை உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடட்டுமா? விடியற்காலைக் காற்று எழும்பியதும் பாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குள் பதில் சொல்லுங்கள், மாமா.