இரண்டு ஜோடி சாக்ஸ்

ராஜபாளையம்,
23 ஜனவரி 2026, காலை.

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உன் வீட்டுக்காரன் பால்ச்சாமி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுகம்தான் என்பது எட்டிப் பார்த்தாலே தெரிகிறது. அடுக்களையில் நின்று வழிக்குப் புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறாய். நீ வருவதற்குள் எழுதி முடித்து, பெட்டிக்குள் அடியில் வைத்துவிட வேண்டும். இதைப் படிக்கும்போது அந்தமானில் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியில் இருக்கிற சாமான்களைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

முதலில் பெட்டி. அதன் மேல் வெள்ளை பெயிண்டில் உன் பெயரையும் ஊரையும் எழுதியதற்கு, "இது என்ன பட்டாளத்து டிரங்குப் பெட்டியா? கோர்ட்டுல வேலை பாத்தவ பெட்டிங்க, மானம் போகுது" என்று நேற்றெல்லாம் குதித்தாய். ஒத்துக்கொள்கிறேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் கை தானாக எழுதிவிடுகிறது, பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஆனால் ஏர்போர்ட்டில் அம்புட்டுப் பெட்டியும் சிவப்பாக வரிசை கட்டி வந்தபோது, உன் கோர்ட்டு மாரிச்செல்வியும் கூட வந்த மற்றவர்களும் குனிந்து குனிந்து தேடியிருப்பார்கள். நீ நின்ற இடத்திலிருந்தே எடுத்திருப்பாய். உண்மையா இல்லையா?

நீ வைத்த மூன்று துண்டுகளையும் எடுத்துவிட்டேன். அந்த ஊர்க் காற்றில் துண்டு காயவே காயாது, இரண்டாம் நாளே வாடை அடிக்கும். பதிலுக்குச் சத்திரப்பட்டித் தறியில் வாங்கிய பேண்டேஜ் துணி ஆறு மீட்டர் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் துணி என்று முகம் சுளிக்காதே. துவட்டி உதறினால் செத்த நேரத்தில் காய்ந்துவிடும். தலைக்கும் கட்டலாம்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது தேங்காயெண்ணெயும் டெட்டாலும் கலந்தது. குடித்துவிடாதீர்கள். கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத மணல் பூச்சி உண்டு. சாயங்காலம் காலில் பூசிக்கொண்டு போ. பவுடர் டப்பா முகத்துக்கு இல்லை. காலில் ஒட்டின மணல் மேல் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். டார்ச் லைட் எதற்கென்றால், அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம்மூர் நேரத்தை நினைத்துக்கொண்டு கடைவீதியில் நின்றுவிடாதே. சாக்ஸ் போட்டுக்கொண்டே கடலில் இறங்கு, பவளப்பாறை காலைக் கிழித்துவிடும். அய்யனார் கோவில் ஆற்றில் கழுத்துவரை இறங்குகிறவள்தானே, பயப்படாதே. ஆனால் கயிறு கட்டின எல்லையைத் தாண்டாதே.

பால்கோவா ஒரு கிலோதான் இருக்கும். இன்னொரு கிலோவை நான் எடுத்துக்கொண்டேன். புழுக்கத்தில் வீணாய்ப் போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும்.

இனி சொல்லப்போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று வாரமாக முயன்றேன். நேற்று எண்ணெய் கலக்கும்போதுகூட வாய்வரை வந்தது. நீ மூடி எங்கே என்று கேட்டாய், மூடியைத் தேடப் போய்விட்டேன்.

தொண்ணூற்று நாலில் நான் பட்டாள வேலையாக அந்த ஊரில் இருந்தபோது நீ எழுதின கடிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "குடும்பத்தோட இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைச்சா ஒரு வரி எழுதுங்க, வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு பிள்ளையத் தூக்கிட்டு மறு கப்பல்ல வாரேன்" என்று எழுதியிருந்தாய். கிடைக்கவில்லை என்று பதில் போட்டேன்.

கிடைத்தது, பரிபூரணம். ஆர்டர் என் கைக்கே வந்தது. கடலைப் பார்த்த வீடு, வாசலில் ஒரு பாதாம் மரம். அதைப் பஞ்சாப்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தேன். நீ பரீட்சை எழுதி, மூன்று வருஷம் காத்திருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குச் சோறாக்கிப் போடுவதற்காக அதை விடக்கூடாது என்று நினைத்தேன். நல்லதுதான் நினைத்தேன். ஆனால் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வேலை, உன் ஆசை. முடிவெடுத்தது நான், அதற்கு மேல் ஒரு பொய்யும் எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் உன் பிரிவு உபசாரக் கூட்டத்தில், "எங்க வீட்டுக்காரவியளுக்குப் பட்டாளத்துல குவார்ட்டர்ஸ் கிடைக்காமப் போனதாலதான் நான் இந்த நாற்காலியில நிலைச்சேன். அந்தமானைப் பாக்கத்தான் கொடுத்து வைக்கல" என்று சொன்னாய். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கேயே மாரிச்செல்வி இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்த்தபோது, "நீங்களும் வாங்கண்ணே" என்றாள். மூட்டு வலி என்றேன். அதுவும் பாதிப் பொய். உன்னோடு அந்த ஊரில் இறங்க எனக்கு முகம் இல்லை, அவ்வளவுதான்.

நீ அழுவாயா, ஏசுவாயா, இரண்டு நாள் பேசாமல் இருப்பாயா தெரியவில்லை. எதுவானாலும் கடலைப் பார்த்த பிறகு செய். உனக்கு வந்து சேர வேண்டிய கடல் அது. நாள் கடந்துவிட்டது, என்னால்தான்.

மற்றவர்கள் புதன்கிழமை திரும்புகிறார்கள். நீ மட்டும் நாலு நாள் கூட இருக்க முடியுமானால், உனக்கு விருப்பமும் இருந்தால், ஒரு போன் போடு. என் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது, அதிலும் பெயர் எழுதியாகிவிட்டது. அந்த வீடு இருக்கிறதோ இல்லையோ, தெருவையாவது காட்டுகிறேன். போன் வராவிட்டால் தப்பாக நினைக்கமாட்டேன். புதன்கிழமை மதுரைக்கு வந்து உன் பெட்டியை வாங்கிக்கொள்வேன். இந்த முறை முடிவு உன்னுடையது.

புளியோதரையை இலையில் கட்டுகிற வாசனை வருகிறது, நீ வந்துவிடுவாய். ஆண்டாள் உன்னை நல்லபடியாக வைத்துக்கொள்ளட்டும். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி.

சாக்ஸ் இரண்டு ஜோடி இருக்கிறதே என்று யோசித்திருப்பாய். நீலம் உனக்கு. கறுப்பு ஒன்பதாம் நம்பர், உன் காலுக்குச் சேராது. அதை மட்டும் நனைக்காமல் வைத்திரு.

உன்,
பால்ச்சாமி